கமலவேணி அக்காவும் பங்கு போட்ட படமும்

நேரு வீதியில் பட்டுப்புடவை எடுத்தவர்களில் பாதிப் பேருக்காவது கமலவேணி அக்காவின் முகம் தெரிந்திருக்கும். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்து மெத்தையில், இளவயதிலிருந்து அவர்தான் புடவை விரிக்கிறார். ஒரு குவியலையே பிரித்துப் போட வைத்துவிட்டு, "இன்னொரு கடையும் பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களிடம், "தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா, வெயிலு கொளுத்துது" என்பார். நானாக இருந்தால் அந்தக் குவியலை அவர்கள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆகஸ்ட் மாதத்தில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மூர்க் குடும்பங்கள் அவரைத் தேடியே மாடி ஏறுவார்கள். "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தொடங்கி "மெர்சி" என்று முடிப்பார். நடுவில் முழுக்கத் தமிழ்தான். அதனால் ஒரு வியாபாரமும் கெட்டதில்லை.

எனக்கு அவரைத் தெரிந்தது வேறு வழியில். ரெட்டியார்பாளையத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், மின்சார பில், பென்ஷன்காரர்களுக்கு உயிரோடு இருப்பதற்கான சான்று என்று, மனிதர்களுக்குப் பிடிக்காத வேலைகளெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். அக்காவின் வீடு என் கடைக்குப் பின்தெரு. அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய வருடம் பத்தாவது முடித்த பெண், நேராகப் புடவைக் கடைக்குப் போய்விட்டார். கணவர் காத்தவராயன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார், பேச்சு குறைவு. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

தெருவில் அக்காவுக்கு இன்னொரு பெயர் உண்டு, சீட்டுக்கார அக்கா. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரியும். தெருப் பெண்கள் வந்து உட்காருவார்கள். பணத் தேவை உள்ளவர் தொகையைக் குறைத்துக் கேட்பார். அவரைவிட அவசரமுள்ளவர் இன்னும் குறைத்துக் கேட்பார். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. விட்டுக்கொடுத்ததை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. ஒருத்தர் கட்டாமல் போனால், நடத்துகிறவர் தன் கையிலிருந்து போட்டாக வேண்டும். கொரோனா சமயத்தில் வேலை போன பெண்களுக்காக அக்கா தன் வளையலை அடகு வைத்துச் சீட்டை ஓட்டினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சின்னப்பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சின்னப்பொண்ணு அக்காவின் எதிர்வீட்டுக்காரர், பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு மேஸ்திரி. தெருவில் சண்டை நடந்தால் இரண்டு தரப்புக்கும் இவர் குரல்தான் கேட்கும். அக்காவுக்கு இவரைவிட நெருக்கமான ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

போன வருடம் ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, படத்துல பங்கு தர்றாங்களாம். இது என்னா சமாச்சாரம்னு பாரேன்."

பார்த்தேன். பேர்பெற்ற ஓவியர்களின் படங்களை ஒரு நிறுவனம் வாங்குகிறது. ஒவ்வொரு படத்தையும் ஆயிரக்கணக்கான பங்குகளாகப் பிரித்துக் கைபேசிச் செயலி வழியாக விற்கிறது. கையில் உள்ளதற்கு ஏற்றபடி யாரும் வாங்கிக்கொள்ளலாம். படம் குளிரூட்டிய கிடங்கில் பத்திரமாக இருக்கும். நல்ல விலைக்கு யாராவது கேட்டால் பங்குதாரர்களிடம் ஓட்டு எடுப்பார்கள். பெரும்பான்மை சரி என்றால் படத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஓவியம் வாங்குவதென்றால் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வீடுகளில் இருக்கும் பணக்காரர்கள் சமாச்சாரம் என்றிருந்தது போய், ரெட்டியார்பாளையத்துப் பின்தெருவும் வாங்கலாம் என்று ஆகியிருக்கிறது. 'இனி எல்லோருக்கும் கலை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். துருவித் துருவிப் பார்த்தேன். ஏமாற்று எதுவும் தென்படவில்லை. எல்லா விதிகளையும் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள், பக்கம் பக்கமாக.

அக்கா காட்டிய படத்தின் பெயர் 'மழைக்கு முன்'. காரைக்காலில் பிறந்து வெளியூர்களில் வாழ்ந்து மறைந்த ஒரு ஓவியர் வரைந்தது. ஒரு மொட்டைமாடி. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொடியில் துணிகள், ஒரு புடவை மட்டும் காற்றில் பாதி எழும்பி நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"மழை கொட்டப் போவுது, இவ ஓடல பாரு தம்பி," என்றார் அக்கா. "நானா இருந்தா கொடியோட அறுத்துக்கிட்டு ஓடியிருப்பேன்."

அடுத்த முதல் ஞாயிறு பாயில் இந்தப் பேச்சுதான் ஓடியிருக்கிறது. நிலம், நகை என்று எல்லாம் விலை ஏறி எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட பிறகுதான் நமக்குத் தெரிய வருகிறது, இதிலாவது முன்கூட்டிப் போவோம் என்று சின்னப்பொண்ணு தலைமை தாங்க, சீட்டுப் பெண்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பங்கு வாங்குவதென்று முடிவாகிவிட்டது. மறுநாள் கும்பலாக என் கடைக்கு வந்தார்கள்.

கணக்குத் தொடங்கத்தான் முடியவில்லை. ஒருவருக்கு ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு பெயர். இன்னொருவருக்குப் பான் அட்டையே இல்லை. சின்னப்பொண்ணுவின் கைபேசி எண் மகன் பெயரில் இருந்தது, மகன் துபாயில் இருந்தான். எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். புடவைக் கடையில் பி.எஃப். பிடிக்கிறார்களே, அதனால்.

"அப்ப கமலா பேர்லயே மொத்தமா போட்டுடு," என்றார் சின்னப்பொண்ணு.

"இது சீட்டு இல்ல. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் எல்லாம் சொந்தம்," என்று எச்சரித்தேன்.

"சீட்டு மட்டும் யார் பேர்ல இருக்குதாம்?"

அக்கா பெயரிலேயே கணக்குத் தொடங்கி, எல்லோர் பணத்தையும் போட்டுப் பங்கு வாங்கினேன். அந்தச் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் கமலவேணி என்ற ஒரே ஒரு முதலீட்டாளர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பாய் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தது அதற்குத் தெரியாது.

வாங்கிய கையோடு, எந்த மாதம் யார் வீட்டுக்குப் படம் வரும் என்று கேட்டார்கள். சீட்டு மாதிரி முறை வைத்து வரும் என்று நினைத்துவிட்டார்கள். சின்னப்பொண்ணு கூடத்தில் டிவியை நகர்த்திச் சுவரைக் காலி செய்து, ஆணிகூட அடித்துவிட்டார். படம் கிடங்கைவிட்டு வராது என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. நல்லவேளையாகச் சில மாதங்களில், பங்குதாரர்கள் படங்களை நேரில் பார்க்கச் சென்னையில் ஒரு கண்காட்சி நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எல்லோரும் பட்டுப்புடவை. கடற்கரைச் சாலையில் பஸ் ஊரெல்லையில் பிள்ளைச்சாவடியைத் தாண்டுவதற்குள் எலுமிச்சைச் சாதம் பாதி தீர்ந்திருந்தது. பெண் பார்க்கப் போகிற கூட்டம் என்று நடத்துநர் நினைத்திருப்பார்.

கண்காட்சிக் கூடம் சில்லென்று இருந்தது. வெள்ளைச் சுவர்கள். சின்னப்பொண்ணு முன்னால் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எங்கம்மா எங்க படம்?" என்று அங்கே வேலையிலிருந்த பெண்ணைக் கேட்டார். அந்தப் பெண் அவருக்குப் பின்னால் கையைக் காட்டினாள். சின்னப்பொண்ணு அதைத் தாண்டித்தான் வந்திருந்தார். பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுகூட இல்லை அந்தப் படம்.

நீளம் அகலம் கேட்காமல் ஜாக்கெட் துணிகூட எடுக்காதவர்கள் இவர்கள். அக்காவுக்கோ அளவு சொல்வதுதான் பிழைப்பே. ஆனால் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கைபேசியில் எல்லாப் படமும் ஒரே அளவாகத்தான் தெரியும். அதை விரலால் விரித்து விரித்துப் பார்த்து, சுவரளவு என்று தாங்களே முடிவு செய்திருந்தார்கள். சென்டிமீட்டர் கணக்கில் அளவு போட்டுத்தான் இருந்தது. நானும் பார்க்கவில்லை.

"இவ்ளோதானா?" என்றார் சின்னப்பொண்ணு. "இத்தினி பேருல எனக்கு இதுல எது? அந்தக் கொடிக்கம்பமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கோபமும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. கை தானாகப் படத்தை நோக்கிப் போனது. அந்தப் பெண் "தொடக் கூடாதும்மா" என்றாள். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆயுசு முழுக்க அடுத்தவர் தோளில் புடவையை வைத்து அழகு பார்த்தவர். தனக்கென்று எதையும் அப்படி ஆசையோடு பார்த்து நான் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தப் பெண் விளக்கை அணைக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் படத்தைக் கிண்டல் செய்துகொண்டு வந்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சின்னதா இருந்தா என்னாடி? இத மட்டும் விக்கவே கூடாது," என்றார். பஸ்ஸில் எல்லோர் காதிலும் அது விழுந்தது.

அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டார். போட்டதைவிட நன்றாகவே கிடைக்கும். விற்கலாமா வேண்டாமா என்று செயலியில் ஓட்டு வந்தது. ஒரு கணக்குக்கு ஒரு பதில்தான். அக்கா பாயை விரித்துச் சீட்டுப் பெண்களைக் கூட்டினார். சின்னப்பொண்ணுவுக்கு ஒழுகுகிற தளத்தை மாற்ற வேண்டும். இன்னொருவருக்கு மகளின் நர்சிங் படிப்பு. விற்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்பதற்கு அக்காவின் கை மட்டும் எழுந்தது. தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். "சரி, வித்துடலாம்," என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் என் கடைக்கு வந்தார். திரையில் இரண்டு பொத்தான்கள். கடையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, நீங்க எத அழுத்துனீங்கன்னு யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் புடிச்சத அழுத்துங்க," என்றேன். நல்லவன் செய்கிற வேலை இல்லைதான். சென்னையில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவன் என்பதால் சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் கை தூக்கியாச்சு தம்பி. அவங்க சொன்னத அழுத்தத்தான் வந்தேன்," என்று சொல்லி, 'விற்கலாம்' என்பதை அழுத்தினார். உங்கள் வாக்கு பதிவானது, நன்றி என்று வந்தது. எந்தப் பக்கம் பதிவானது என்று அதில் இல்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. நாடு முழுவதும் இருந்த பங்குதாரர்களில் பெரும்பாலோர், இன்னும் விலை ஏறட்டும் என்று, வேண்டாம் என்றே அழுத்தியிருந்தார்கள். படம் விற்கப்படவில்லை.

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் கூட்டம். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து இறங்கியிருந்தார்.

"பஸ்ஸுல சொன்னியே, விக்கவே கூடாதுன்னு. சொன்னபடியே செஞ்சிட்ட இல்ல?" என்றார் சின்னப்பொண்ணு.

"நான் விக்கலாம்னுதாண்டி அழுத்துனேன்."

"அப்ப காட்டு."

காட்ட எதுவும் இல்லை. "நான் பக்கத்துல இருந்து பாத்தேன்," என்றேன். "நீ அவ ஆளு, அப்படித்தான் சொல்லுவ," என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். நிறுவனத்துக்கு மெயில் எழுதினேன். வாக்கு விவரம் இரகசியமானது, வாக்களித்தவருக்கும் தெரிவிக்கப்பட மாட்டாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. யாரும் யாரையும் மிரட்டி ஓட்டு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதியாம். நல்ல விதிதான். அது எங்கள் தெருவில் வந்து யார் தலையில் விழும் என்று விதி எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகக் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். மொத்தப் பங்கில் நம்முடையது ஒரு துளி, அக்கா எந்தப் பக்கம் அழுத்தியிருந்தாலும் முடிவு இதுவேதான் என்று விளக்கினேன்.

"முடிவ யாரு கேட்டா? இவ என்னா அழுத்துனான்னுதான் கேக்குறோம்," என்றார் சின்னப்பொண்ணு.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. 

அக்கா இரண்டு நாள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார். பிறகு என்னிடம் வந்து பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்க விண்ணப்பம் போடச் சொன்னார். படம் விற்றிருந்தால் ஆளாளுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அதைத் தானே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காத்தவராயனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நீளமாகப் பேசியது அன்றுதான்.

"செய்யாத தப்புக்கு எதுக்குடி தெண்டம் கட்டுற? இத்தினி வருசம் நின்னு நின்னு காலு வீங்கிச் சேத்த காசு."

"சீட்டுல ஒருத்தி கட்டலன்னா யார் தப்புன்னா பாக்குறோம்? நடத்துறவதான் போடணும்," என்றார் அக்கா. "தளம் ஒழுவுதுங்க அவ வூட்டுல."

விண்ணப்பத்தைப் போட்டேன். பணம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு தீர்ந்துவிடும் என்று நானும் நினைத்தேன். தெரு வேறு மாதிரி கணக்குப் போட்டது. தப்பு பண்ணவில்லை என்றால் எதற்குக் காசு கொடுக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அரைமனதாகச் சந்தேகப்பட்டவர்களுக்கும் அப்போது அவர்மேல்தான் தப்பு என்று உறுதியாகிப்போனது.

படத்தில் தெருவுக்கு இருந்த பங்கு முழுக்க இப்போது அக்காவுடையது. கேட்டவர்களிடம் அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அறிந்தவரை, அந்தச் செயலியை அவர் திறக்கவும் இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. யாரும் வராவிட்டால் அந்த வெறும் பாயைப் பார்க்கச் சகிக்காது என்று, என் மனைவி செந்தமிழ்ச்செல்வியையும் அழைத்துக்கொண்டு நான் போனேன். அக்கா குளித்து, தலை வாரி, தண்ணீர்ச் சொம்பும் டம்ளர்களும் எடுத்து வைத்திருந்தார். பாய் வழக்கம்போல முழு நீளத்துக்கு விரிந்திருந்தது. வழக்கமான நேரம் கடந்தது. காத்தவராயன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். செந்தமிழ்ச்செல்வி ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பொண்ணு வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றினார்கள். ஒருவரும் பாக்கியில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

சின்னப்பொண்ணு அக்காவை ஒட்டி உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி விடு கமலா. யாருக்குத்தான் ஆசையில்ல? ஒரு தடவ தடுமாறிட்ட. எத்தினியோ தடவ நீ எங்களத் தூக்கி விட்டிருக்க. நாங்க எல்லாம் மறந்துட்டோம். நீயும் மறந்துடு."

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் அக்காவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார். அத்தனை முகத்திலும் பிரியம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, "மொதல்ல யாரு கேக்குறீங்க?" என்று சீட்டைத் தொடங்கினார்.

சிரிப்பும் கூச்சலுமாகச் சீட்டு முடிந்தது. எல்லோரும் போன பிறகு அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தீங்களா, எல்லாம் சரியாப் போச்சு," என்றேன், முட்டாள் மாதிரி.

"நம்பாம திட்டிக்கிட்டே இருந்திருந்தாகூடச் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருப்பேன் தம்பி. என்னைக்காவது நம்புவாங்கன்னு," என்றார். "மன்னிச்சிட்டாங்களே. இனிமே நான் செய்யலன்னு யாருகிட்ட போயி சொல்றது?"